அரிப்பு அடங்கினால் போதுமா? படர்தாமரைக்கு ஒரு பச்சிலைக் களிம்பு!

கும்பகோணம் சாலையில் பஸ்ஸில் போயிருந்தால் சேத்தியாத்தோப்பு உங்களுக்குப் பரிச்சயமாக இருக்கும். வெள்ளாற்று அணைக்கட்டு, பக்கத்திலேயே வீராணம் ஏரி, கண்ணுக்கெட்டிய தூரம் நெல்லும் கரும்பும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வயலில் கணுக்காலுக்கு மேல் சேறு! நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்குகிற பெண்களின் கால்விரல் இடுக்குகள் நாள் முழுக்க ஊறி, வெளுத்து, வெடித்துப் புண்ணாகிவிடும். சேற்றுப்புண்! அதில் பூஞ்சைக் காளானும் பாக்டீரியாவும் கூட்டணி போட்டுக் குடியிருக்கும்.

‘வயல்ல இறங்கறவங்களுக்கு வர்ற சமாச்சாரம்தானே, நமக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காலையில் ஷூ மாட்டி சாயங்காலம்வரை கழற்றாத உங்கள் கணவரின் கால் விரல்கள், விளையாடிவிட்டு வந்து வேர்வைச் சட்டையோடு டி.வி. முன்னால் உட்காரும் பையனின் தொடை இடுக்கு, அடுப்படி வெக்கையில் நிற்கும் உங்கள் இடுப்பில் பாவாடை நாடா அழுந்துகிற இடம்... பூஞ்சைக்கு எல்லாமே வயல்தான்! பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் சூளைச் சூட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே கதை. ஈரம், வெக்கை, காற்றுப்படாத இடம். இந்த மூன்றும் சேர்ந்தால் போதும்.

இதற்கு ரசாயனம் இல்லாமல், பச்சிலையிலிருந்து ஒரு நல்ல களிம்பு தயாரிக்க முடியாதா? முடியும். செய்தும் இருக்கிறார்கள். ஆனால், அந்தக் கதையைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் டியூபைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.

அலமாரியில் ஒரு வில்லன்

வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் தடித்து, நடுவில் தோல் தெளிந்து, உயிர் போகிற மாதிரி அரித்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. நம்மில் பலர் என்ன செய்கிறோம்? மருந்துக்கடையில் போய், ‘அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க’ என்று கேட்கிறோம். இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. ‘அடடா, கைகண்ட மருந்து!’ என்று அதே டியூபை நாத்தனாருக்கும் சிபாரிசு செய்கிறோம்.

ஆனால் அப்படி வாங்கும் பல க்ரீம்களில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டுக்குப் பூஞ்சையைக் கொல்லத் தெரியாது. தோலின் எதிர்ப்பு சக்தியை அமுக்கி வைக்கத்தான் தெரியும். சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு பூஞ்சையோடு போடுகிற சண்டையின் அடையாளங்கள். போலீஸ்காரரைத் தூங்கவைத்தால் தெருவில் சத்தம் இருக்காது. திருடன் சௌகரியமாக உள்ளே நுழைவான்! க்ரீமை நிறுத்தியதும் படை முன்பைவிடப் பெரிதாகக் கிளம்பும். வட்ட வடிவம்கூடக் கலைந்து, டாக்டரே அடையாளம் காணத் திணறும்படி ஆகிவிடும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தொடை இடுக்கில் பிரசவக் கோடுகள் மாதிரி தழும்பு விழும். அது மறையவே மறையாது.

இதனால்தான் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு சங்கதியும் கேளுங்கள். இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலும் பரவிவரும் ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா! வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரைக்கு இது பல பேரிடம் மசிவதில்லை. 2023ல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, பூஞ்சைக்குப் புதிய மருந்து தேடுவது இன்றைக்கு அவசரத் தேவை. செடிகளின் பக்கம் விஞ்ஞானிகளின் பார்வை திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டுகொல்லி என்கிற சீமை அகத்தி

வாய்க்கால் ஓரம், குட்டைக்கரை என்று ஈரமான இடங்களில் ஆளுயரத்துக்கு வளரும் ஒரு செடி. அகன்ற கூட்டிலைகள். நுனியில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்த மாதிரி நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூங்கொத்து. காயின் ஓரத்தில் சிறகு போல விளிம்பு. இதுதான் சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். நாம் சமைக்கிற அகத்திக்கீரை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இதன் பூர்வீகம் தென் அமெரிக்கப் பக்கம். ‘சீமை’ என்ற அடைமொழியே அது கடல் கடந்து வந்த கதையைச் சொல்லிவிடுகிறது.

படர்தாமரைக்கு இதன் இலையை அரைத்துப் பூசுவது கிராமத்துப் பழக்கம். சித்த மருந்துக் கடைகளில் சீமை அகத்திக் களிம்பும் கிடைக்கிறது. இந்த இலையில் கிரைசோபனால், ரெயின், எமோடின் என்று ‘ஆந்த்ரகுயினோன்’ வகையைச் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன. சோதனைக்கூடத்தில் இலைச் சாறு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பதைப் பல நாட்டு ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்துப் பொருள்களுக்கு நம் நாட்டோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பம்பாய் மருந்துக்கடைகளில் ‘கோவா பவுடர்’ என்று ஒரு மஞ்சள் தூள் படைக்கு மருந்தாக விற்றது. போர்ச்சுகீசியர்கள் மூலம் கோவாவுக்கு வந்ததால் அந்தப் பெயர். உண்மையில் அது பிரேசில் நாட்டு மரம் ஒன்றின் தூள் என்பது 1870களில்தான் வெளியே தெரிந்தது. அதிலிருந்து எடுத்த கிரைசரோபின் படைக்கு நல்ல மருந்துதான். ஆனால் தோலை எரிக்கும், துணியில் கறை பிடிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. முதல் உலகப்போரில் பிரேசில் சரக்கு வராமல் போக, 1916ல் ஜெர்மனியில் அதற்கு மாற்றாக ஒரு செயற்கை மருந்து வந்தது. அதுதான் பின்னாளில் சோரியாசிஸ் நோயாளிகளுக்குப் பயன்பட்ட டித்ரனால்!

சாம்பிராணியும் ஆஸ்பத்திரிக் களிம்பும்

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் படைக்குக் கொடுக்கும் ‘ஒயிட்ஃபீல்டு ஆயின்மென்ட்’ ஞாபகம் இருக்கிறதா? ஆர்தர் விட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயத் தோல் டாக்டர் 1907ல் சொன்ன கலவை அது. பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம், அவ்வளவுதான். முதலாவது பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கும். இரண்டாவது பூஞ்சை குடியிருக்கும் மேல்தோலையே உரித்துத் தள்ளும்.

பென்சாயிக் அமிலம் முதன்முதலில் கிடைத்தது எதிலிருந்து தெரியுமா? பால் சாம்பிராணியிலிருந்து! சாலிசிலிக் அமிலத்துக்குப் பெயர் தந்தது வில்லோ மரம். இன்றைக்கு இரண்டையும் தொழிற்சாலையில் செய்கிறார்கள். மூலம் என்னவோ செடிதான். அதனால் ‘மூலிகையா, இங்கிலீஷ் மருந்தா’ என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. எந்த மருந்தாக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: இது பூஞ்சையைக் கொல்கிறதா, அரிப்பை மட்டும் அடக்குகிறதா?

இலையிலிருந்து டியூப் வரை

‘இலை நல்லதுன்னு தெரிஞ்சுபோச்சு, அரைச்சு க்ரீம்ல கலந்தா ஆச்சு’ என்று தோன்றும். அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது!

*முதல் படி, இலை:* விருத்தாசலத்துப் பீங்கான்காரர்களைக் கேளுங்கள். களிமண் கலவையில் சின்ன வித்தியாசம் வந்தாலும் சூளையில் விரிசல் விடும் என்பார்கள். மூலிகையும் அப்படித்தான். மண், பருவம், இலையின் முற்றல் எல்லாவற்றையும் பொறுத்து மருந்துப்பொருளின் அளவு மாறும். ஆகவே இலையைக் காயவைத்து, பொடித்து, ஆல்கஹால் போன்ற கரைப்பானில் சத்தை இறக்கி, ஒவ்வொரு தடவையும் அதில் குறிப்பிட்ட பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். இந்த அளவுப்பாடு இல்லாவிட்டால் ஒரு டியூப் வேலை செய்யும், அடுத்த டியூப் செய்யாது.

*இரண்டாம் படி, தட்டு:* பூஞ்சை வளர்த்த கண்ணாடித் தட்டில் சாற்றை விட்டு, எவ்வளவு குறைந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பார்கள். தட்டில் ஜெயித்த சாறு தோலில் தோற்கலாம். ஏனென்றால் படர்தாமரைப் பூஞ்சை மேல்தோலின் கெரட்டினைத் தின்று அதற்குள்ளேயே வாழ்கிறது. மருந்து அதுவரை ஊடுருவ வேண்டுமே!

*மூன்றாம் படி, கலவை:* கெட்டியான எண்ணெய்ப்பசைக் களிம்பு, வறண்டு செதில் உதிரும் இடத்துக்கு நல்லது. சேற்றுப்புண் மாதிரி கசியும் விரல் இடுக்கில் அதையே அப்பினால் ஈரத்தை மூடிவைத்த கதையாகும். அங்கே லேசான க்ரீமோ லோஷனோதான் சரி. இன்னொரு வேடிக்கை: க்ரீமில் தண்ணீர் இருப்பதால், கெடாமலிருக்க மருந்து சேர்க்காவிட்டால் பூஞ்சை க்ரீமிலேயே பூத்துவிடும்! ‘பிரிசர்வேட்டிவ் துளியும் இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

*நான்காம் படி, தாக்குப்பிடித்தல்:* 40 டிகிரி செல்சியஸ் வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். நிறம் மாறுகிறதா, எண்ணெய் பிரிகிறதா, சத்து குறைகிறதா? நம் ஊர் சித்திரை வெயிலில் கடை அலமாரியில் கிடக்கப்போகிற பொருளாயிற்றே!

*ஐந்தாம் படி, மனிதர்கள்:* இதுதான் உண்மையான பரீட்சை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மூலிகை க்ரீம், இன்னொரு பிரிவுக்கு வழக்கமான மருந்து அல்லது வெறும் க்ரீம் கொடுப்பார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவில் ‘அரிப்பு எப்படி?’ என்று கேட்பதோடு விடமாட்டார்கள். தோலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். தட்டில் வளர்த்தும் பார்ப்பார்கள். பூஞ்சை இல்லை என்று ஆனால்தான் பாஸ்!

104 பேர் சொன்ன பாடம்

இந்தக் கடைசிப் பரீட்சை ஏன் முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் உதாரணம். அங்கே ‘டீ ட்ரீ’ என்று ஒரு மரத்தின் எண்ணெய் பிரபலம். நாம் குடிக்கும் டீக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1992ல் பாதத்தில் படை வந்த 104 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பிரிவுக்கு 10 சதவீத டீ ட்ரீ எண்ணெய் க்ரீம், இரண்டாவது பிரிவுக்கு டால்னாஃப்டேட் என்ற பூஞ்சை மருந்து, மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் க்ரீம்.

டீ ட்ரீ பூசியவர்களுக்கு அரிப்பும் எரிச்சலும் செதிலும் நன்றாகவே குறைந்தன. டால்னாஃப்டேட் பூசியவர்களுக்குச் சமமாக! ஆனால் தோலைச் சுரண்டி வளர்த்துப் பார்த்தபோது? டால்னாஃப்டேட் பிரிவில் 85 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போயிருந்தது. டீ ட்ரீ பிரிவில் 30 சதவீதம் பேருக்குத்தான். வெறும் க்ரீம் பூசியவர்களில்கூட 21 சதவீதம்!

‘எனக்கு நல்லா கேட்டுச்சு’ என்று சொன்ன பலருடைய தோலில் பூஞ்சை உயிரோடு இருந்தது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

அத்தோடு அவர்கள் விட்டுவிடவில்லை. 2002ல் 158 பேருக்கு 25, 50 சதவீதம் என்று வீரியத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை 50 சதவீத வீரியத்தில் பூசியவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது. மருந்தில்லாத கரைசலில் 31 சதவீதம். ஆனால் எண்ணெய் பூசியவர்களில் நான்கு பேருக்குத் தோல் ஒவ்வாமையாகிப் பொங்கிவிட்டது, நிறுத்தியதும் சரியானது. வீரியம் குறைந்தால் பூஞ்சை சாகாது, கூடினால் தோல் தாங்காது. நடுவில் சரியான அளவைக் கண்டுபிடிப்பதில்தான் மூலிகைக் களிம்பின் சாமர்த்தியமே இருக்கிறது.

பிலிப்பைன்ஸ்காரர்கள் செய்து காட்டினார்கள்

நம் சீமை அகத்திக்குப் பிலிப்பைன்ஸில் ‘அகாபுல்கோ’ என்று பெயர். அந்த நாட்டு அரசாங்கம் 1974ல் மூலிகைகளுக்காகவே ஒரு தேசிய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. கிராமத்தில் மக்கள் என்ன பச்சிலை பயன்படுத்துகிறார்கள் என்று திரட்டி, சோதனைக்கூடம், பாதுகாப்புச் சோதனை, மனிதர்களிடம் சோதனை என்று ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். அப்படிக் கரையேறியவற்றில் ஒன்றுதான் படைக்கான அகாபுல்கோ லோஷன்.

அந்த நாட்டுச் சுகாதாரத் துறை சிபாரிசு செய்த பத்து மூலிகைகளின் பட்டியலைப் பார்த்தால் ஏதோ நம் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி இருக்கும். இருமலுக்கு நொச்சி, புண் கழுவக் கொய்யா இலை, பூண்டு, பாகல், கூடவே சீமை அகத்தி! செடி எல்லாம் இங்கேயும் இருக்கிறது. பொறுமையாகப் படியேறிப் போனதுதான் அவர்களுடைய பெருமை.

நம் நாட்டிலும் முயற்சி நடக்காமல் இல்லை. 1994ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, சீமை அகத்தி இலைச் சாற்றைத் தேமல் உள்ள 200 பேருக்குப் பத்து வருட காலத்தில் கொடுத்துப் பார்த்து, பக்கவிளைவு இல்லாமல் பலன் தந்ததாகச் சொன்னது. சந்தோஷமான செய்திதான். ஆனால் தேமலுக்குக் காரணம் மலாசீசியா என்ற ஈஸ்ட். அது தோலின் மேற்பரப்பிலேயே இருக்கும். படர்தாமரைப் பூஞ்சையோ வேறு ஜாதி, பிடிவாதமும் ஜாஸ்தி. தேமலில் ஜெயித்தது படையிலும் ஜெயிக்கும் என்று சொல்ல, அதற்கென்று தனியாகப் பரீட்சை வைத்தாக வேண்டும். அதிலும் டெர்பினாஃபினுக்கு மசியாத இந்தப் புதுப் பூஞ்சைக்கு எதிராக வைத்தால் நமக்கு ரொம்பவே உபயோகம்!

வீட்டு வைத்தியத்தில் ஜாக்கிரதை!

பச்சிலைதானே, கெடுதல் வராது என்று நினைக்கிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்:

● பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளம் போடும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

● இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் போனால், பூசிய இடம் கறுத்துக் கொப்பளிக்கலாம்.

● விருத்தாசலம், பண்ருட்டி பக்கம் முந்திரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைப் படையில் தடவுவது நெருப்பை வைப்பதற்குச் சமம்.

● சீமை அகத்தி இலையை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். பேதியாகும். கர்ப்பிணிகள் கிட்டவே போக வேண்டாம்.

● மூலிகைக் களிம்பு வாங்கினால் உரிம எண், சேர்மானங்களின் பெயரும் அளவும், காலாவதித் தேதி இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயரில்லாத டப்பாவில் வரும் ‘மூலிகை’ இரண்டே நாளில் மாயம் செய்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்!

● முதலில் முழங்கையின் உள்பக்கம் துளி பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அந்தக் களிம்பு உங்களுக்கு ஆகாது.

நீங்கள் செய்ய வேண்டியது

டாக்டர் கொடுத்த க்ரீமை, படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூசுங்கள். தோல் தெளிந்துவிட்டது என்று உடனே நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும். டாக்டர் சொன்ன நாள்வரை தொடருங்கள். பொதுவாகத் தெளிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் பூசச் சொல்வார்கள்.

குளித்ததும் விரல் இடுக்கு, தொடை இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சோப்பு. உள்ளாடைகளைச் சுடுநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, முடிந்தால் இஸ்திரி போடுங்கள். பாத்ரூம் கொடியில் அரைகுறையாகக் காய்ந்த துணிதான் பூஞ்சைக்குப் பெரிய விருந்து. வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இவரிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து இவருக்கு என்று ரங்கராட்டினம்தான்!

உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கோ, வயலில் இறங்குகிற சொந்தக்காரர்களுக்கோ சேற்றுப்புண் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் விரலாகத் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட வைக்கட்டும். பல க்ரீம்களைவிட அது உசத்தி. புண் வீங்கிச் சீழ் வைத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டினாலோ நகம் தடித்துப் பொடிந்தாலோ எந்தக் களிம்பையும் நம்பி உட்காராதீர்கள். தலைக்கு மாத்திரைதான் வைத்தியம். நகத்துக்கும் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். படை திரும்பத் திரும்ப வந்தால் ஒரு தடவை சர்க்கரை டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். உடம்பில் சர்க்கரை இருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பதே சில சமயம் இந்தப் படைதான்.

சீமை அகத்தியும் நல்லது, சாம்பிராணி தந்த அமிலமும் நல்லது, டாக்டர் எழுதித்தரும் டியூபும் நல்லது. எதைப் பூசினாலும் அரிப்பு நின்ற நாளை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். பூசுவதை நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் அந்த இடம் சுத்தமாக இருந்தால்தான் அது மருந்து!